பூட்டிய கதவும் புது மாடியும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், வளர்ந்துவரும் நகர மையங்களில் பழைய கட்டடங்கள் புல்டோசரால் சாவதைவிடப் பூட்டிக் கிடந்து சாவதுதான் அதிகம் என்று எழுதியிருந்தேன். அதற்கு நிறையக் கடிதங்கள். கோபமாக வந்தவையும் உண்டு. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: நகர மையத்தில் இடமே இல்லை சார். வீடு, ஆபீஸ், கடை எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். இரண்டு மாடிப் பழைய கட்டடம் நிற்கிற இடத்தில் இருபது மாடி கட்டலாம் என்றால், கட்டுவதுதானே நியாயம்?

இட நெருக்கடி உண்மைதான், அதை நான் மறுக்கவே இல்லை. வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் குடியிருக்க முடியாமல் தினமும் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய்வருகிறவர்களிடம் தூண் அழகு, வளைவு அழகு என்று பேசுவது எனக்கே கூச்சமாக இருக்கும். எல்லாப் பழைய கட்டடத்தையும் காப்பாற்ற வேண்டிய தேவையும் இல்லை. வயதாகிவிட்டது என்பது மட்டுமே ஒரு தகுதி ஆகாது.

ஆனால் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் நகர மையத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்து பாருங்கள். தரையோடு தரையாகக் கார் நிறுத்துமிடம், தகரக் கூரை போட்ட கிடங்கு, முள் முளைத்த காலி மனை, கேஸ் முடியாமல் வேலி போட்டுக் கிடக்கும் மூலை இடம் எல்லாம் எத்தனை என்று எண்ணுங்கள். அங்கெல்லாம் இருபது மாடி வரட்டும், நானும் கை தட்டுகிறேன். இவை அத்தனையும் சும்மா கிடக்கும்போது, ஆள் நடமாட்டத்தோடு இருக்கிற பழைய கட்டடத்தின் மேல் மட்டும் ஏன் முதல் கண் விழுகிறது என்பதுதான் என் கேள்வி.

இன்னொன்று, பழைய கட்டடத்தில் வாடகை குறைவு. தையல்கடை, அச்சகம், டியூஷன் சென்டர், கையில் காசில்லாமல் தொழில் தொடங்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் நகர நடுவில் கிடைக்கும் ஒரே இடம் அதுதான். புதுக் கட்டடத்துக்கு வாங்கிய கடனை வாடகையில்தான் அடைக்க வேண்டும், அந்த வாடகை இவர்களுக்குக் கட்டுப்படியாகாது. நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் நியூயார்க்கைப் பார்த்து 1961-லேயே இதைச் சொல்லிவிட்டார்.

அதே நியூயார்க்கில் 1910-ல் திறந்த பென் ஸ்டேஷன் என்ற பிரமாண்டமான ரயில் நிலையத்தை 1963-ல் இடிக்க ஆரம்பித்தார்கள். ரயில் பாதை கீழே அப்படியே இருக்க, மேலே இருந்த கட்டடம் முழுக்கப் போனது. ஊரே அதிர்ந்துபோய், 1965-ல் நகரச் சின்னங்களைக் காக்க ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். சட்டம் வந்தது, கட்டடம் வரவில்லை.

கேள்வி: தாத்தா கட்டிய கட்டடம் என் பெயரில் இருக்கிறது. பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்போவதாகச் சொல்கிறார்கள். சேர்த்துவிட்டால் இடிக்க முடியாது, மாடி ஏற்ற முடியாது, விற்றாலும் விலை வராது. ஊருக்கு அழகு, எனக்கு நஷ்டமா?

வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையதுதான். பாரம்பரியம் பேசுகிறவர்கள், நான் உட்பட, இந்த இடத்துக்கு வந்ததும் மெல்ல நழுவிவிடுகிறோம். ஊருக்கே சொந்தமான பெருமை என்று சொல்லிவிட்டு, கூரை ஒழுகினால் பில்லை மட்டும் உங்கள் கையில் கொடுப்பது நியாயமே இல்லை.

இதற்கு வழி கண்டுபிடித்தவர்கள் உண்டு. பென் ஸ்டேஷன் போன பிறகு, நியூயார்க்கின் இன்னொரு நிலையமான கிராண்ட் சென்ட்ரலின் தலைமேல் ஐம்பது மாடிக்கு மேல் ஒரு கோபுரம் எழுப்ப அதன் உரிமையாளர்களான ரயில்வே கம்பெனி அனுமதி கேட்டது. நகராட்சி மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1978-ல் தீர்ப்பு வந்தது: மறுத்தது செல்லும். நிலையத்தை இதுவரை நடத்தியதுபோல நடத்தி வருமானம் பார்க்க வழி இருக்கிறது என்றது நீதிமன்றம். கூடவே, மேலே கட்ட முடியாமல் போன அளவைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை இருக்கிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது.

இந்த இரண்டாவதைத்தான் இன்று பல நாடுகளில் டிடிஆர் என்கிறார்கள். உங்கள் மனையில் சட்டப்படி பத்தாயிரம் சதுர அடி கட்டலாம், நிற்கிற கட்டடம் நாலாயிரம்தான் என்றால், மிச்சம் ஆறாயிரத்தை வேறொரு மனைக்காரருக்கு விற்கலாம். அவர் தன் இடத்தில் அந்த அளவு கூடுதலாகக் கட்டிக்கொள்வார். கட்டடமும் நிற்கும், உங்கள் கைக்குப் பணமும் வரும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லா மனைக்கும் நகராட்சி தாராளமாக எஃப்எஸ்ஐ-யை, அதாவது மனைப் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவை, ஏற்றிக் கொடுத்துவிட்டால், காசு கொடுத்து உங்களிடம் வாங்க ஆள் வரமாட்டார்கள். டிடிஆர் சான்றிதழ் பீரோவுக்குள் காகிதமாகவே கிடக்கும். ஆகவே பட்டியலில் சேர்க்கிறோம் என்று வருகிறவர்களிடம், 'வாங்குகிறவர் யார், எந்தப் பகுதியில் அவர் பயன்படுத்தலாம்?' என்று எழுத்தில் கேளுங்கள்.

வரியிலும் கேட்கலாம். அமெரிக்காவில் பட்டியலிட்ட கட்டடத்தை விதிப்படி புதுப்பித்து வாடகைக்கோ தொழிலுக்கோ விட்டால், தகுதியான செலவில் 20 சதவீதத்தை மத்திய வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். சிங்கப்பூரில் 1973-ல் கட்டிய கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸை 2021-ல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தபோது, பக்கத்திலேயே புதிய கோபுரம் எழுப்பக் கூடுதல் பரப்பளவும் கொடுத்தார்கள். வெறும் தடை உத்தரவோடு நின்றிருந்தால் அந்தக் கட்டடத்தை வாங்க யாரும் முன்வந்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

இன்னும் ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். முடிவு வரும்வரை என்று சொல்லிக் கட்டடத்தைப் பூட்டிவிடாதீர்கள். நான் ஒருமுறை பார்த்த கட்டடத்தில் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயில் அரசிலை அடைத்திருந்தது, அவ்வளவுதான். ஆள் இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. பூட்டியிருந்ததால் மூன்று மழைக்காலம் தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கி, உத்திரத்தின் நுனி கையால் தொட்டாலே உதிர்ந்தது. மேற்பரப்பு பார்க்க நன்றாக இருந்தது, விரல் உள்ளே போனது. அதன் பிறகு இன்ஜினியர் வந்து 'ஆபத்தானது' என்று எழுதிக் கொடுத்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா? கீழ்த்தளத்தை மட்டுமாவது யாருக்காவது வாடகைக்கு விடுங்கள். வாடகை குறைவாக வந்தாலும் பரவாயில்லை, அடைப்பைப் பார்க்க ஓர் ஆள் இருப்பார்.

கேள்வி: முன்பக்கச் சுவரை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் புதுக் கோபுரம் கட்டுகிறார்களே, இது நல்ல சமரசம்தானே?

எனக்கு ஒப்பவில்லை. படிக்கட்டு, முற்றம், அறைகளின் உயரம், காற்று வரும் வழி எல்லாம் சேர்ந்ததுதான் கட்டடம். அதை எடுத்துவிட்டு முகத்தை மட்டும் ஒட்டவைத்தால், ஜன்னலுக்குப் பின்னால் கான்கிரீட் தளம் குறுக்கே ஓடுவது தெருவிலிருந்தே தெரியும். உள்ளே தீப்பிடித்து ஏற்கெனவே எல்லாம் போய்விட்டது என்றால் சரி, முகமாவது மிஞ்சட்டும். நன்றாக இருக்கிற கட்டடத்துக்கு இது வேண்டாம். முதல் இரண்டு அறை ஆழமாவது முழுசாக விட்டு, அதற்குப் பின்னால் தள்ளிப் புதியதைக் கட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பழைய வீட்டுக்குப் பக்கத்து மனையில் தரைக்குக் கீழே மூன்று அடுக்கு பேஸ்மென்ட் தோண்டப்போகிறார்கள். பயமாக இருக்கிறது. ஏற்கெனவே சுவரில் விரிசல்கள் உண்டு. என்ன செய்வது?

பயப்படுவதில் தப்பே இல்லை. 2009 மார்ச்சில் ஜெர்மனியின் கொலோன் நகரில், பக்கத்தில் மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்துக்குள் நிலத்தடி நீரும் மண்ணும் புகுந்து, நகரத்தின் வரலாற்று ஆவணக் காப்பகம் சில நிமிடங்களில் சரிந்தது. பக்கத்து வீடுகளில் இருந்த இரண்டு பேர் இறந்துபோனார்கள். அத்தனை விதிகள் இருக்கிற நாட்டிலேயே இப்படி.

தோண்ட ஆரம்பிப்பதற்கு முன்னால் உங்கள் வீட்டின் ஒவ்வொரு விரிசலையும் போட்டோ எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பெரிய விரிசல்களின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஜிப்சம் வைத்து ஒட்டிவிடுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும், அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பக்கத்து பில்டரின் இன்ஜினியரும் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இது இல்லாவிட்டால் பின்னால் 'அது பழைய விரிசல்தானே' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

அவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பைலை, அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் அஸ்திவாரத் தூணை, அடித்து இறக்கப்போகிறீர்களா, துளையிட்டு ஊற்றப்போகிறீர்களா? அடித்தால் அதிர்வு அதிகம், பழைய சுவருக்கு ஆகாது. நிலத்தடி நீரை எவ்வளவு ஆழத்துக்கு இறைக்கப்போகிறீர்கள்? பழைய வீடுகளின் அஸ்திவாரம் பெரும்பாலும் ஆழமில்லாதது. களிமண்ணாகவோ இளகிய மண்ணாகவோ இருந்தால், தண்ணீர் வற்றும்போது மண் சுருங்கும், வீடு ஒரு பக்கமாக இறங்கும்.

அப்புறம், விரிசலை சிமென்ட் வைத்து அடைக்காதீர்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லுக்குள்ளேயே நின்று உப்புப் பூத்து, கொஞ்ச நாளில் சிமென்ட் பூச்சு செங்கல்லின் தோலையும் சேர்த்து உரித்துக்கொண்டு விழும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். அலைச்சல்தான், ஆனால் வேறு வழியில்லை.

கேள்வி: பழைய தெருவில் புதுக் கட்டடம் கட்டினால் பழைய பாணியில்தான் கட்ட வேண்டுமா?

வேண்டாம். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றி 1964-ல் எழுதிய சர்வதேச வெனிஸ் சாசனமே, பழைய கட்டடத்தில் புதிதாகச் சேர்ப்பது தன் காலத்து முத்திரையோடு தனித்துத் தெரிய வேண்டும் என்கிறது. தெருவுக்கும் எனக்கு அதே கருத்துதான். தெர்மாகோல் அலங்காரம் ஒட்டிய போலித் தூண்களைவிட நேர்மையான கண்ணாடிச் சுவர் மேல். ஆனால் தெருவின் வரிசையில் நில்லுங்கள். பக்கத்துக் கட்டடங்கள் தெருவை ஒட்டி நின்றால் நீங்களும் ஒட்டி நில்லுங்கள், கீழ்த்தளத்தில் கதவும் கடையும் வையுங்கள். நூறு அடிக்குப் பார்க்கிங் சுவர் எழுப்பினால் அந்தத் தெருவில் ஆள் நடக்கமாட்டார்கள்.

கேள்வி: அப்படியானால் உயரம்? உயரமான கட்டடமே கூடாது என்கிறீர்களா?

கூடாது என்று சொல்லவில்லை, எங்கே என்பதுதான் பேச்சு. பாரிஸில் 1973-ல் மொன்பார்னாஸ் கோபுரம் சுமார் 210 மீட்டர் உயரத்தில் எழுந்ததும் ஊரில் பெரிய எதிர்ப்பு. 1977-ல் நகருக்குள் உயரத்துக்குக் கடிவாளம் போட்டார்கள். கோபுரங்கள் நகர எல்லைக்கு வெளியே லா தெஃபான்ஸில் வளர்ந்தன. லண்டன் வேறு வழியில் போனது. செயின்ட் பால் தேவாலயத்தின் கும்மட்டம் குறிப்பிட்ட சில இடங்களிலிருந்து மறையக்கூடாது என்று பார்வைக் கோடுகளை வகுத்தார்கள். அதில் ஒரு கோடு ரிச்மண்ட் பூங்கா மேட்டிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் நீளம். லெடன்ஹால் தெருவில் 225 மீட்டர் உயரக் கோபுரம் ஒரு பக்கம் சரிந்து நிற்பதற்குக் காரணமும் ஃப்ளீட் தெருவிலிருந்து அந்தக் கும்மட்டத்தை மறைக்கக் கூடாது என்பதுதான். விதி முன்கூட்டியே தெளிவாக இருந்தால் ஆர்கிடெக்ட் அதற்குள் வழி கண்டுபிடித்துவிடுவார்.

கேள்வி: நாங்கள் பழைய கட்டடத்தில் முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறோம். அழகாகப் புதுப்பித்தார்கள், வாடகையை மூன்று மடங்காக்கினார்கள், இப்போது காலி செய்யச் சொல்கிறார்கள். கட்டடம் பிழைத்தது, நாங்கள்?

உங்களுக்கு ஆறுதலாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மலேசியாவின் ஜார்ஜ் டவுனில் 2000-ம் ஆண்டு தொடக்கத்தில் பழைய வாடகைக் கட்டுப்பாடு நீங்கியது. தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்கள் பல வெளியேறின. 2008-ல் ஊர் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது, வீடுகளின் விலை இன்னும் ஏறியது. வாழ்ந்த மனிதர்களுக்காகப் பெயர் வாங்கிய தெருவில் அந்த மனிதர்கள் இல்லை.

1970-களில் இத்தாலியின் பொலோன்யா நகராட்சி இதை யோசித்தது. பழைய மையத்தில் பொதுப் பணத்தில் வீடுகளைப் புதுப்பித்தபோது, அங்கிருந்த குடும்பங்கள் அங்கேயே தொடர வேண்டும் என்பதையும் திட்டத்தின் ஒரு பகுதியாக வைத்தது. ஆகவே உங்கள் சங்கம் கேட்க வேண்டியது இதுதான்: புதுப்பிக்க வரிச் சலுகையோ டிடிஆரோ கொடுத்தால், பழைய வாடகைதாரருக்கு இத்தனை வருஷம், வாடகை இவ்வளவுக்கு மேல் ஏறக்கூடாது என்ற நிபந்தனை அதே உத்தரவில் இருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் உரிமையாளர் அப்படி எதையாவது வாங்கியிருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். வாங்கியிருந்தால் அந்த உத்தரவின் நகலோடு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: எனக்குக் கட்டடமும் இல்லை, கடையும் இல்லை. நடந்து போகிறவள் மட்டும்தான். நான் என்ன செய்ய முடியும்?

நிறைய. பழைய கட்டடங்களின் பட்டியல் உங்கள் நகராட்சியில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் நீங்களே ஆரம்பியுங்கள். தெரு பெயர், கதவு எண், ஒரு போட்டோ, இப்போது உள்ளே என்ன நடக்கிறது, கூரையில் செடி முளைத்திருக்கிறதா, இவ்வளவு போதும். பூட்டிக் கிடப்பவற்றைத் தனியாகக் குறித்து வையுங்கள், முதலில் போகப்போவது அவைதான். மாஸ்டர் பிளான் வரைவு வெளியானால் ஆட்சேபணை சொல்லக் கடைசித் தேதி ஒன்று இருக்கும். அதற்குள் அந்தப் பட்டியலை மனுவோடு கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.