வேதிச் சமன்பாட்டைப் பிழையின்றிச் சமன் செய்யும் மாணவர், அதே வினையில் உள்ள மூலக்கூறுகளை வரையச் சொன்னால் தடுமாறுவது ஏன்?

சமன்பாட்டை எண் கணக்காகவே முடித்துவிட முடியும் என்பதுதான் முதன்மைக் காரணம். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா உருவாகும் வினையில், ஹைட்ரஜன் குறியீட்டின் முன்னே 3, அதன் கீழே 2 என்று எழுதுகிறோம். முன்னெண் மூலக்கூறுகளின் எண்ணிக்கையையும், கீழெண் ஒரு மூலக்கூறில் பிணைந்துள்ள அணுக்களின் எண்ணிக்கையையும் குறிக்கின்றன. ஆனால் 1985-இல் அமெரிக்க ஆய்வாளர் யாரோக் நேர்காணல் செய்த 14 பள்ளி மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரால் இந்தப் பிணைப்பைச் சரியாக வரைய முடியவில்லை. இரண்டிரண்டாக இணைந்த மூன்று சோடிகளுக்குப் பதிலாக, ஆறு வட்டங்களை ஒன்றோடொன்று ஒட்டி வரைந்தவர்கள் அவர்களில் இருந்தனர். எண்ணிக்கை சரி, வேதியியல்தான் தவறு.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான்ஸ்டன், வேதியியலைக் கண்ணுக்குத் தெரியும் நிகழ்வு, துகள், குறியீடு என மூன்று தளங்களாகப் பிரித்துக் காட்டினார். ஆசிரியர் ஒரே வாக்கியத்தில் இம்மூன்றுக்கும் தாவிவிடுகிறார். புதிதாகக் கற்பவரால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை.

சமையல் உப்பிலும் இதே சிக்கல்தான். அதன் வாய்பாட்டைப் பார்த்துச் சோடியமும் குளோரினும் சோடியாகச் சேர்ந்த மூலக்கூறைப் பலர் வரைகின்றனர். உண்மையில் படிகத்தில் ஒவ்வோர் அயனியையும், அதாவது மின்னூட்டம் பெற்ற அணுவையும், அதற்கு எதிரான மின்னூட்டம் கொண்ட ஆறு அயனிகள் சூழ்ந்திருப்பதால், தனி மூலக்கூறு என்று எதையும் சுட்ட முடியாது. பாடநூல்கள் சில இங்கே வாய்பாட்டு நிறை (வாய்பாட்டில் உள்ள அணுக்களின் நிறைகளைக் கூட்டியது) என்னாமல் மூலக்கூறு நிறை என்றே எழுதிவிடுவதால், மாணவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

ஆகவே, சமன் செய்த ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் அருகிலேயே துகள் படத்தையும் வரையச் சொல்லி, அதற்கும் மதிப்பெண் அளிப்பது பயன் தரும்.