லப்டொப் கொதிச்சு தானா நிண்டுபோகுது, போமட் அடிச்சால் சரி வருமா?

போமட் அடிச்சுச் சூடு குறையிறது எண்டது அரிது. நீங்கள் புதுக்குடியிருப்பில இருந்து எழுதியிருக்கிறியள், சூம் வகுப்பு தொடங்கி அரை மணித்தியாலத்துக்குள்ள ஃபான் இரைஞ்சு, கீபோட் இடப்பக்கம் கை வைக்கேலாமல் சுட்டு, பிறகு ஸ்கிரீன் கறுத்து அப்பிடியே நிண்டுபோகுது, கடையில வைரஸ் எண்டு சொல்லி போமட் அடிக்கக் கேக்கினம் எண்டு. வைரஸால சூடாகாது எண்டு நான் சொல்லேல்ல, ஆருக்கோ கிரிப்டோ காசு தோண்டிக் குடுக்கிற சாமான் உள்ளுக்க ஓடினால் கொதிக்கத்தான் செய்யும், ஆனால் அதைப் பாக்க போமட் தேவையில்லையே. கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூண்டையும் சேர்த்து அமத்துங்கோ, டாஸ்க் மனேஜர் வரும். ஒண்டும் திறக்காமல் சும்மா கிடக்கேக்க சிபியூ (மெஷினின்ர மூளை மாதிரியான சிப்) 10 வீதத்துக்குள்ள நிண்டால் அந்தப் பக்கம் பெரிசாப் பிரச்சினை இல்லை. 50, 60 எண்டு நிண்டால் எது தின்னுது எண்டு பேரோட காட்டும் (விண்டோஸ் அப்டேட் ஓடேக்கயும் ஏறும், கொஞ்ச நேரம் விட்டுத்தான் பாக்கோணும்).

இனி காசு செலவில்லாத சோதினை ஒண்டு. கோர் டெம்ப் எண்டு ஒரு சின்ன சொஃப்ட்வெயார் இருக்கு, சும்மா கிடைக்கும், அதைப் போட்டு சிபியூ எத்தினை பாகையில நிக்குது எண்டு பாத்துக்கொண்டு, வகுப்பு ஓடேக்கயே காத்து வெளிய வாற ஓட்டையில உள்ளங்கையை வையுங்கோ. கனக்க மெஷினில அது இடப்பக்கம் இல்லாட்டி பின்னால கீல் கிட்ட இருக்கும். காத்து நல்லா அடிக்குது, சூடாயும் வருது எண்டால் உள்ளுக்க எல்லாம் ஒழுங்காத்தான் வேலை செய்யுது, மெஷினுக்கு வேலை கூடிப்போச்சு இல்லாட்டி அறை சூடு, அவ்வளவுதான். காத்து மெல்லிசா வருது ஆனால் சுடுகுது எண்டால் தூசு அடைச்சிட்டுது. காத்து பலமா வருது ஆனால் பெரிசாச் சூடில்லை, அதேநேரம் கோர் டெம்ப்பில 95 காட்டுது எண்டால் சிப்பில இருந்து சூடு அதை வெளிய கொண்டுபோற செம்புக் குழாய்க்குப் போகேல்ல, ரெண்டுக்கும் இடையில சூடு கடத்தப் பூசுற பசை, பேஸ்ட் எண்டு சொல்லுறது, காஞ்சிட்டுது. காத்தே இல்லை, சத்தமும் இல்லை எண்டால் ஃபான் செத்துப்போச்சு. ஃபான் இரையுது எண்டு நீங்கள் எழுதினதைப் பாத்தால் எனக்கு ரெண்டாவதில சந்தேகம், ஆனாலும் கையை வைச்சுப் பாத்திட்டு முடிவெடுங்கோ.

கன இன்டெல் சிப்புக்கு மேல் எல்லை 100 பாகை. அது கிட்ட வரேக்க சிப் தானா வேகத்தைக் குறைச்சுக்கொள்ளும், 2.4 கிகாஹேர்ட்ஸ் எண்டு எழுதியிருக்கிற வேகம் 1க்கும் கீழ இறங்கி, வகுப்பில சேர்ட குரல் விட்டு விட்டு வரும், நாங்கள் சிக்னல் சரியில்லை எண்டு டயலொக்கையும் மொபிடெலையும் பேசிக்கொண்டிருப்பம். அதுக்கும் அடங்காட்டித்தான் கரண்டை அறுத்துப்போட்டு நிக்கும். அது மெஷின் தன்னைக் காப்பாத்துற வேலை, அதால உடன திரும்ப ஓன் பண்ணாதேங்கோ, ஆற விடுங்கோ. வேலையோட இருக்கேக்க 80, 85 எண்டால் பயப்படத் தேவையில்லை.

எங்கட பக்கம் இது கூட நடக்கிறதுக்கு ரெண்டு காரணம். ஒண்டு புழுதி. ஏ9 காப்பெற் ரோட்டு எண்டாலும் இறங்கினால் கிறவல் ஒழுங்கைதானே, வைகாசியில சோளகம் பிடிச்சுதெண்டால் ஆவணி மட்டும் யன்னல் திறந்த வீட்டில மேசையில விரலால பேர் எழுதலாம், அந்தத் தூசை முழுக்க லப்டொப் கீழால இழுக்குது. மற்றது அறைச் சூடு. ஃபான் எண்டது அறைக்காத்தைத்தான் ஊதும், அதை விடக் குளிர அதால முடியாது. உங்கட மெஷின் கனடாவில இருந்து மாமா கொண்டுவந்தது எண்டு எழுதியிருக்கிறியள், அங்க 21 பாகை அறையில 75ல ஓடினது இங்க தகரக் கூரைக்குக் கீழ மத்தியானம் 36 பாகையில கிட்டத்தட்ட 90ல ஓடும், மெஷினில ஒரு பழுதும் இல்லாமலே. கன லப்டொப்பை அறைச் சூடு 35 பாகை வரைக்கும்தான் பாவிக்கலாம் எண்டு கொம்பனியே போட்டிருக்கும். பாரமான வேலை இருந்தால் விடியவோ இரவிலயோ செய்யுங்கோ, பகல் வகுப்பெண்டால் மாமரத்துக்குக் கீழ இருந்து பாருங்கோ, நான் பகிடிக்குச் சொல்லேல்ல.

இப்ப தூசு எடுக்கிற கதை. அருவிவெட்டு நேரம் வெட்டுற மெஷினில ரேடியேட்டரை வைக்கல் தும்பு மூடிக் கொதிக்குமே, இதுக்கும் அதே நோய்தான். உள்ளுக்க ஒரு செம்புக் குழாய் சிப்பில இருந்து வரும் (அதுக்குள்ள கொஞ்சமாத் தண்ணி விட்டு அடைச்சிருப்பினம், அது ஆவியாப் போய் மற்ற நுனியில குளிர்ந்து திரும்பி வரும்), அந்த நுனியில மெல்லிய தகடுகள் வரிசையா இருக்கும். ஃபானுக்கும் அந்தத் தகடுக்கும் இடையிலதான் தூசு படைபடையாச் சேரும். வெளிய இருந்து பாத்தால் தெரியாது, ஃபான் இறகை மட்டும் துடைச்சுப்போட்டு கிளீன் பண்ணியாச்சு எண்டு சொல்லுற கடையும் இருக்கு. என்ர மச்சாளின்ர லப்டொப் அப்பிடித்தான், ஒரு கடையில போமட் அடிச்சு அவளின்ர படமெல்லாம் போனது மிச்சம், சூடு அப்பிடியே. நான் ஃபானைக் கழட்டிப் பாத்தால் தகட்டை மூடி உரிச்செடுக்கிற தடிப்பில படை, அதோட செத்த எறும்புகள் வேற. அதை எடுத்த உடன 97ல நிண்டது எழுபத்திச்சொச்சத்துக்கு வந்திட்டுது.

நீங்களே கழட்டப் போறியள் எண்டால், முதல் ஓஃப் பண்ணி சார்ச்சரைக் கழட்டி, கீழ் மூடி திறந்த உடன பற்றரி வயரைப் பிடுங்கிவிடுங்கோ. ஸ்குரூ எல்லாம் ஒரே நீளம் இல்லை, ஒரு பேப்பரில படம் கீறி அந்தந்த இடத்தில வையுங்கோ, ரப்பர் காலுக்குக் கீழயும் ஒளிச்சிருக்கும். ஈர்க்குத் துண்டால ஃபானைச் சுத்தாமல் பிடிச்சுக்கொண்டு மெல்லிய பெயின்ற் பிரஷால தட்டுங்கோ. ரயர் கடைக்குக் கொண்டுபோய்க் காத்தடிக்கிற வேலை மட்டும் வேண்டாம், கனபேர் செய்யினம், கொம்பிரசர் காத்தில தண்ணியும் எண்ணையும் வரும், அந்த விசையில ஃபான் கண்டபடி சுத்தி பெயரிங் போயிடும்.

பேஸ்ட் மாத்திறது கொஞ்சம் பொறுமையான வேலை. செம்புத் தகட்டில ஸ்குரூவுக்குப் பக்கத்தில 1, 2, 3, 4 எண்டு நம்பர் இருக்கும், ஒரேயடியாக் கழட்டாமல் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாத் தளத்தோணும். பழசை ஐசோப்ரோப்பைல் அல்கஹோலால துடைச்சு, ஒரு அரிசியளவு புதுசு போதும். பக்கத்துச் சின்னச் சிப்புகளில ரப்பர் மாதிரி ஒட்டியிருக்கிற துண்டுகளை எறிஞ்சுபோடாதேங்கோ, அதுக்குப் பேஸ்ட் ஈடாகாது. கை நடுங்குமெண்டால் இதைக் கடைக்கு விடுங்கோ.

அதுவரைக்கும் வகுப்பு நடக்கோணுமே. கொன்ட்ரோல் பனல், பவர் ஒப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ், புரொசசர் பவர் மனேஜ்மென்ட், அதில மக்சிமம் புரொசசர் ஸ்டேட் 100 எண்டு இருக்கும், அதை 99 ஆக்குங்கோ. ஒரு வீதத்தில என்ன வரப்போகுது எண்டு நினைப்பியள், ஆனால் கனக்க மெஷினில அதோட டர்போ (சிப் தன்ர வழமையான வேகத்துக்கு மேல ஓடுறது) நிண்டிடும், சூடு நல்லாக் குறையும், சூமுக்கு அந்த வேகம் தாராளம். சில புது மெஷினில அந்த வரி காட்டாது. கட்டிலில, தலகணியில வைக்காதேங்கோ, மேசையில பின்பக்கத்துக்குக் கீழ ரெண்டு சோடா மூடி வைச்சு உயர்த்தினால் சரி. லப்டொப்புக்குக் கீழ வைக்கிற ஃபான் தட்டு, கூலிங் பாட், வாங்கிறதை இப்ப விடுங்கோ, உள்ளுக்க அடைச்சிருக்கேக்க வெளிய ஊதி என்ன பலன், அந்தக் காசு பேஸ்டுக்கு ஆகும்.

ஒண்டு மட்டும் அவசரம். டச்பாட் மேல எழும்பி நிக்குதா, மூடி வடிவாப் பூட்டுப்படாமல் நிக்குதா எண்டு பாருங்கோ. அப்பிடியெண்டால் பற்றரி ஊதியிருக்கு, சார்ச் போடாதேங்கோ, குத்திப்பாக்கிற விளையாட்டும் வேண்டாம், பற்றரி மாத்தின பிறகுதான் மற்ற வேலை.

கடைக்குப் போறதெண்டால் சூடாகுது, பாருங்கோ எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. ஃபானைக் கழட்டி தகட்டுத் தூசு எடுக்கோணும், பேஸ்ட் மாத்தோணும், விண்டோஸில கை வைக்கக்கூடாது எண்டு சொல்லி, ஏலுமெண்டால் பக்கத்தில நிண்டு பாருங்கோ. குடுக்க முதலும் எடுத்த பிறகும் அதே வகுப்பு வீடியோவைப் போட்டு கோர் டெம்ப் நம்பரை போனில படம் எடுத்து வையுங்கோ, நம்பர் இறங்காட்டி அங்கயே திருப்பிக் குடுக்கலாம்.