வாசகர் கேள்வி பதில்: நாடாளுமன்ற அமர்வு நாளில் உங்கள் கேள்வி எங்கே போகிறது?

எங்கள் பேட்டையில் நிறுத்தப்பட்ட பேருந்துச் சேவை பற்றி நாடாளுமன்றத்தில் கேட்பதாக எங்கள் தொகுதி உறுப்பினர் சொன்னார். அன்றைய பட்டியலிலும் கேள்வி இருந்தது. நேரலையை விடாமல் பார்த்தேன், அது வரவே இல்லை. விட்டுவிட்டாரா?
– வாசகி, புக்கிட் பாத்தோக்

விட்டிருக்க மாட்டார். நேரம் முடிந்திருக்கும்.

கேள்வி நேரம் ஒன்றரை மணி நேரம். ஓர் உறுப்பினர் ஓர் அமர்வுக்கு 5 கேள்விகள் வரை தரலாம். அவற்றில் வாய்மொழிப் பதிலுக்கு 3 மட்டுமே. 2025 தேர்தலுக்குப் பின் தொகுதி உறுப்பினர்கள் மட்டும் 97 பேர். தொகுதியில்லா உறுப்பினர் (தேர்தலில் தோற்றாலும் நல்ல வாக்கு பெற்று அவைக்கு வரும் எதிர்க்கட்சியினர்) இருவர், நியமன உறுப்பினர்கள் 9 பேர் வரை இருக்கலாம். ஆளுக்கு ஒரு கேள்வி என்றாலே கூட்டிப் பாருங்கள். அமைச்சர் பதில் சொல்லி முடித்ததும் துணைக் கேள்விகள் தொடங்கும். கேட்டவர் மட்டுமல்ல, வேறு உறுப்பினர்களும் கை உயர்த்துவார்கள். வேலை இழப்பு, வீட்டு விலை போல எல்லார் வீட்டையும் தொடும் விஷயமாக இருந்தால் ஒரே கேள்வி நெடுநேரம் ஓடும். பட்டியலில் 40ஆவது இடத்தில் இருக்கும் பேருந்துக் கேள்விக்கு அன்று வாய்ப்பு கிடைப்பது அரிது.

அப்படித் தவறிய கேள்வி காணாமல் போவதில்லை. அதற்கு எழுத்துமூலப் பதில் தரப்படும். நாடாளுமன்ற உரைகளின் அதிகாரபூர்வப் பதிவேடான ஹன்சார்டில் அந்த நாளுக்குரிய பக்கத்தைத் திறந்து கீழே இறங்கினால், வாய்மொழிப் பதிலுக்காகக் கொடுக்கப்பட்டு நேரத்துக்குள் எட்டாத கேள்விகள் தனித் தலைப்பில் இருக்கும். நேரலை முடிந்தவுடன் தேடாதீர்கள். சில நாள் கழித்துப் பாருங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. பலருக்கு இது தெரிவதில்லை. எட்டாத கேள்வியை அடுத்த அமர்வுக்குத் தள்ளிவைக்க உறுப்பினர் கேட்டுக்கொள்ளலாம். எழுத்துமூலப் பதில் வந்துவிட்டால் துணைக் கேள்விக்கு இடமில்லை. அமைச்சு எழுதியதோடு அது முடியும். புள்ளிவிவரம் மட்டும் போதும் என்றால் எழுத்துமூலப் பதிலே நல்லது. ‘ஏன் இப்படி முடிவெடுத்தீர்கள்?’ என்று துருவிக் கேட்க வேண்டிய விஷயம் என்றால், காத்திருந்து வாய்மொழியாகக் கேட்பதுதான் பலன் தரும். மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்கு அடுத்த முறை போகும்போது, எது வேண்டும் என்பதை உங்கள் உறுப்பினரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

கேள்வியின் வாசகமும் முக்கியம். அமர்வுக்கு முன்பு முழுதாக 7 நாள் இடைவெளி இருக்கும்படி அதைக் கொடுத்தாக வேண்டும். ஆகவே அமர்வு வாரத்தில் போய்ச் சொன்னால் அந்த மாதத்துக்கு ஆகாது. வாதம் செய்யும் கேள்வி, வெறும் கருத்துக் கேட்கும் கேள்வி, நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கைத் தொடும் கேள்வி, ஏற்கெனவே முழுமையாகப் பதில் கிடைத்துவிட்ட கேள்வி ஆகியவை நிலையாணைகளின்படி (அவையின் நடைமுறை விதிகள்) நிற்காது. ‘பேருந்துச் சேவை ஏன் இவ்வளவு மோசம், அமைச்சர் என்ன நினைக்கிறார்?’ என்று கேட்டால் ஏற்கப்படாமலே போகலாம். அதையே இப்படி உடைத்துப் பாருங்கள்: (அ) கடந்த மூன்று ஆண்டுகளில் காலை 7 மணி முதல் 9 மணி வரை அந்தச் சேவையில் சராசரியாக எத்தனை பயணிகள், (ஆ) ஒரு சேவையை நிறுத்த எந்த அளவுகோல் பயன்படுத்தப்படுகிறது, (இ) மாற்று வழியில் செல்லும் முதியோருக்கு எவ்வளவு நேரம் கூடுகிறது என்று கணக்கிடப்பட்டதா. மூன்று கிளைக்கும் அமைச்சு தனித்தனியாகப் பதில் சொல்லியாக வேண்டும். நழுவ இடம் குறைவு. பேட்டைக்காரர்கள் நீங்களே இப்படி எழுதி எடுத்துச் சென்றால் உறுப்பினருக்குப் பாதி வேலை மிச்சம்.

தஞ்சாவூரிலிருந்து வந்து பத்தாண்டாக இங்கே இருக்கிறேன். தமிழ்நாட்டுச் சட்டமன்றச் செய்திகளைப் படித்து வளர்ந்தவன். இங்கே ‘ஒத்திவைப்புத் தீர்மானம்’ என்று செய்தி வந்தால் ஏதோ பெரிய மோதல் என்று பார்க்கிறேன். அமைதியாகப் பேசிவிட்டுக் கலைகிறார்கள். ஏன்?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

சொல் ஒன்று, பொருள் இரண்டு. குழப்பம் உங்களுக்கு மட்டுமல்ல.

சென்னைக் கோட்டையில் ஒத்திவைப்புத் தீர்மானம் என்றால், பட்டியலில் உள்ள மற்ற அலுவல்களை நிறுத்திவிட்டு இந்த அவசர விஷயத்தை இப்போதே எடு என்று கோருவது. அனுமதி மறுக்கப்பட்டால் முழக்கம், வெளிநடப்பு என்று போகும். சிங்கப்பூரில் அந்தப் பெயரில் நீங்கள் அடிக்கடி பார்ப்பது, நாளின் கடைசி அலுவல். அன்றைய வேலையெல்லாம் முடிந்தபின் ‘நாடாளுமன்றம் இத்துடன் ஒத்திவைக்கப்படுகிறது’ என்ற தீர்மானத்தை அவைத் தலைவர் (சபாநாயகர் அல்லர், அவை அலுவல்களைக் கவனிக்கும் அமைச்சர்) கொண்டுவருவார். அதன்மீது அரை மணி நேரம் உண்டு. ஒரே ஓர் உறுப்பினர், தாம் முன்கூட்டியே அறிவித்த ஒரு பொருளைப் பற்றி 20 நிமிடம் வரை பேசுவார். மிச்சமுள்ள 10 நிமிடம் அமைச்சர் பதில் சொல்வார். வாக்கெடுப்பில் யாரும் தோற்பதில்லை. ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் கேட்டால் குலுக்கல்தான். ஊடகம் பெரிதாக எடுத்துக்கொள்ளாத, ஆனால் ஆழமாகப் பேச வேண்டிய விஷயங்கள் இந்த அரை மணி நேரத்தில்தான் வெளிச்சத்துக்கு வருகின்றன. அதனாலேயே, நாள் முடிவதற்குள் நேரலையை நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்கிறோம். அவசர விஷயத்துக்காக அலுவலை நிறுத்தக் கோரும் வழி இங்கேயும் நிலையாணைகளில் இருக்கிறது. ஆனால் அது அபூர்வம்.

வேறு சில இணைகளையும் பார்த்துவிடலாம். அங்கே விதி 110இன்கீழ் முதலமைச்சர் அறிக்கை படித்தால் விவாதம் கிடையாது. இங்கே அமைச்சர்நிலை அறிக்கைக்கும் விவாதம் கிடையாது என்றாலும், விளக்கம் கேட்டுக் கேள்வி எழுப்பலாம். சில நாள்களில் அந்த விளக்கங்களே கேள்வி நேரத்தைவிடக் கூர்மையாக இருக்கும். அங்கே பேரவைத் தலைவர் திருக்குறள் படித்து அவை தொடங்கும். இங்கே படைக்கலச் சேவகர் செங்கோலைத் தோளில் ஏந்தி முன்னே வர, நாடாளுமன்ற நாயகர் (சபாநாயகர்) பின்னே வருவார். அங்கே பட்டியலில் இல்லாததை எழுப்ப உதவும் ‘நேரமில்லா நேரம்’ என்ற ஒன்று இங்கே இல்லை. பட்டியலில் இல்லாததை எழுந்து நின்று எழுப்புவது கடினம்.

வரவுசெலவுத் திட்டக் காலத்தில் உங்களுக்குப் பழகிய ஒன்றைப் பார்ப்பீர்கள். ஓர் அமைச்சின் ஒதுக்கீட்டில் 100 வெள்ளியைக் குறைக்க வேண்டும் என்று உறுப்பினர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கோருவார்கள். கோடிக்கணக்கில் 100 வெள்ளியா என்று சிரிக்க வேண்டாம். இந்திய நாடாளுமன்றத்தின் 100 ரூபாய் அடையாள வெட்டுத் தீர்மானமும் இதே வம்சம்தான். அந்த அமைச்சின் கொள்கையைப் பற்றிப் பேசுவதற்கு அது வாசல். அமைச்சர்கள் பதிலளித்து முடித்ததும் உறுப்பினர் எழுந்து வெட்டை மீட்டுக்கொள்வார். உங்களுக்கு வேண்டியது வெட்டின் தொகையல்ல, அதன் தலைப்பு. முதியோர் பராமரிப்பு, தாய்மொழிக் கல்வி என்று தலைப்புகள் முன்கூட்டியே அச்சாகிவிடும்.

மசோதா தாக்கலானதாகத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். என் சிறுதொழிலை அது பாதிக்கும். உடனே மாற வேண்டுமா?
– வாசகர், தெம்பனிஸ்

வேண்டாம். ஆனால் சும்மாவும் இருக்காதீர்கள்.

தாக்கல் என்பது முதல் வாசிப்பு. மசோதாவின் நீண்ட பெயரைப் படிப்பதோடு சரி, விவாதமே இல்லை. இரண்டாம் வாசிப்புக்குப் பொதுவாகக் குறைந்தது 7 நாள் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளிதான் உங்களுடையது. மசோதா நாடாளுமன்ற இணையத்தளத்தில் அன்றே ஏறிவிடும். முதல் பக்கத்திலிருந்து படித்தால் மூன்றாம் பக்கத்தில் தலை சுற்றும். பின்னாலிருந்து தொடங்குங்கள். கடைசிப் பக்கங்களில் விளக்கக் குறிப்பு இருக்கும். எந்தப் பிரிவு என்ன செய்கிறது என்று அங்கே ஒவ்வொன்றாகச் சொல்லியிருப்பார்கள். அரசாங்கத்துக்குச் செலவு உண்டா என்பதும் அதன் முடிவில் இருக்கும். உங்கள் தொழிலைத் தொடும் பிரிவின் எண்ணைக் குறித்துக்கொண்டு, நடைமுறையில் எங்கே இடிக்கும் என்று அரைப் பக்கம் எழுதி உறுப்பினருக்கு அனுப்புங்கள். ‘இந்தச் சட்டமே வேண்டாம்’ என்ற கடிதத்தைவிட, ‘12ஆம் பிரிவில் 14 நாள் என்பதை 30 ஆக்கினால் என்னால் செய்ய முடியும்’ என்ற கடிதம் அவைக்குள் போகும் வாய்ப்பு அதிகம்.

இரண்டாம் வாசிப்பில் அமைச்சர் நோக்கத்தைச் சொல்லி, உறுப்பினர்கள் ஆளுக்கு 20 நிமிடம் வரை பேசி, அமைச்சர் நிறைவுரை ஆற்றுவார். அங்கேதான் உண்மையான விவாதம். பிறகு முழு அவையும் குழுவாக மாறிப் பிரிவு பிரிவாகப் பார்க்கும். நாயகர் தம் இருக்கையை விட்டு இறங்கிக் குழுத் தலைவராக அமர்வார், செங்கோலும் மேசையின் கீழ்த்தட்டுக்கு இறங்கும். மூன்றாம் வாசிப்பு பெரும்பாலும் சில நிமிடம்தான். சில மசோதாக்கள் தெரிவுக் குழுவுக்குப் போகும். மசோதா இல்லாமல் ஒரு பொருளை ஆராயவும் இப்படிக் குழு அமையும்: இணையப் பொய்ச்செய்தி பற்றிய தெரிவுக் குழு 2018இல் 8 நாள் பொது விசாரணை நடத்தியது. பொதுமக்களும் எழுதிக் கொடுத்தார்கள்.

நிறைவேறியபின் பெரும்பாலான மசோதாக்கள் சிறுபான்மையினர் உரிமைகளுக்கான அதிபர் மன்றத்துக்குப் போகும். ஏதாவது ஓர் இனத்துக்கோ சமயத்துக்கோ பாதகம் உண்டா என்று பார்த்து 30 நாளுக்குள் அது தெரிவிக்க வேண்டும். நிதி மசோதாவுக்கும் அவசர மசோதாவுக்கும் விலக்கு. அதன்பின் அதிபர் ஒப்புதல், அரசிதழ். நடப்புக்கு வரும் தேதி தனியாக அறிவிக்கப்படும், அது பல மாதம் கழித்தும் வரலாம். அவசரச் சான்றிதழ் இருந்தால் எல்லாக் கட்டமும் ஒரே நாளில் முடியும். கொவிட்-19 தற்காலிக நடவடிக்கைச் சட்டம் 2020 ஏப்ரல் 7 அன்று தாக்கலாகி அன்றே நிறைவேறியது.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை நாடாளுமன்றத்துக்கு அழைத்துப் போகலாமா?
– வாசகி, பொங்கோல்

தாராளமாக. முதலில் விடுமுறையில் அமர்வு இருக்கிறதா என்று இணையத்தளத்தில் பாருங்கள். தொடங்கும் நேரம் நாளுக்கு நாள் மாறும், அன்றைய அலுவல் பட்டியலின் தலைப்பிலேயே அது இருக்கும். நகர மண்டபம் ரயில் நிலையத்திலிருந்து நடக்கலாம். அடையாள அட்டையோ கடப்பிதழோ கையில் இருக்கட்டும். அரைக்கால் சட்டை, கையில்லாப் பனியன், செருப்பு ஆகாது. படம் எடுக்க முடியாது, கைத்தொலைபேசி பயன்படுத்தக் கூடாது. கேள்வி நேரத்துக்குப் போய்விடுங்கள், பிள்ளைகளுக்கு அதுதான் விறுவிறுப்பு. போகும் வழியில் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தையும் காட்டுங்கள். 1965 டிசம்பர் 8 அன்று சுதந்திர சிங்கப்பூரின் நாடாளுமன்றம் முதலில் கூடியபோது நாயகர் இருக்கையில் இருந்தவர் ஏ.பி.ராஜா. அவருக்குப் பின் வந்தவர் பி.குமாரசுவாமி. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த இரு பெயர்களும் தெரிந்திருக்க வேண்டும்.

எதிர்க்கட்சி எதிர்த்து வாக்களித்ததாகச் செய்தி. எத்தனைக்கு எத்தனை என்று சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லையே?
– வாசகர், அங் மோ கியோ

குரல் வாக்கெடுப்பு என்றால் எண்ணிக்கை இராது. ஆதரவுக் குரல் ஓங்கியது என்று நாயகர் அறிவிப்பார். குறைந்தது 5 உறுப்பினர்கள் எழுந்து எண்ணிக்கை கேட்டால்தான் மணி அடித்து, கதவுகளை மூடி, இருக்கையிலுள்ள பொத்தானில் வாக்களிப்பார்கள். ஐவர் இல்லையென்றால் எதிர்த்தவர்களின் பெயர் பதிவாகும். 2013 பிப்ரவரி 8 அன்று மக்கள்தொகை வெள்ளை அறிக்கைக்கு 77 ஆதரவு, 13 எதிர்ப்பு, ஒருவர் வாக்களிக்கவில்லை என்று துல்லியமாகத் தெரிவது, எண்ணிக்கை எடுக்கப்பட்டதால்தான். நியமன உறுப்பினர்கள் அரசமைப்புத் திருத்தம், நிதி மசோதா, நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஆகியவற்றில் வாக்களிக்க முடியாது. தொகுதியில்லா உறுப்பினர்களுக்கு 2017 ஏப்ரல் முதல் முழு உரிமை உண்டு.

தமிழில் ஆற்றிய உரையை ஹன்சார்டில் தேடினால் ஆங்கிலம்தான் வருகிறது. தமிழ் மூலம் அழிந்துவிட்டதா?
– தமிழாசிரியை, உட்லண்ட்ஸ்

அழியவில்லை. உங்கள் கேள்வி எங்களுக்கு மிகவும் வேண்டிய கேள்வி.

மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய நான்கிலும் விவாதிக்கலாம் என்று அரசமைப்புச் சட்டமே சொல்கிறது. உறுப்பினர் தமிழில் பேசத் தொடங்கியதும் மற்றவர்கள் காதொலிக் கருவியை எடுப்பதை நேரலையில் கவனித்திருப்பீர்கள், உடனுக்குடன் மொழிபெயர்ப்பு ஓடும். ஹன்சார்டின் பிரதான பக்கத்தில் வருவது அதன் ஆங்கில வடிவம். அந்தப் பத்தி தொடங்கும் இடத்தில் ‘இன் தமிழ்’ என்று அடைப்புக்குறிக்குள் இருக்கும், அருகிலேயே ‘வெர்னாகுலர் ஸ்பீச்’ என்று ஓர் இணைப்பு. அதைச் சொடுக்கினால் தமிழ் மூலம் பிடிஎஃப் கோப்பாகத் திறக்கும். தேடுபொறியில் தமிழ்ச் சொல்லை இட்டுத் தேடிப் பலனில்லாமல் போவது இதனால்தான். உறுப்பினர் பெயரையும் அமர்வுத் தேதியையும் ஆங்கிலத்தில் இட்டுத் தேடுங்கள்.

வகுப்பறைக்கு நல்ல பயிற்சி ஒன்று உண்டு. தமிழ் மூலத்தில் ஒரு பத்தியையும் ஆங்கில வடிவத்தில் அதே பத்தியையும் அருகருகே வையுங்கள். உறுப்பினர் எடுத்தாண்ட குறளோ பழமொழியோ ஆங்கிலத்தில் எப்படி வந்திருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது என்று மாணவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வரவுசெலவுத் திட்ட விவாத நாள்களில் தமிழ் உரைகள் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அந்த வாரங்களின் தேதிகளிலிருந்து தொடங்குங்கள்.