பாரிஸில் கடை போட மனசு சொன்னால் போதுமா?

தம்பி, கடலூரில் ஜெராக்ஸ் கடை, செல்போன் கடை, கேட்டரிங் என்று வரிசையாக நடத்திவிட்டு பாரிஸ் வந்திருக்கிறீர்கள். ஊரில் எல்லாமே மனசு சொன்னபடிதான் ஆரம்பித்தேன், இங்கேயும் அப்படியே கடை போடலாமா, நல்ல ஏரியா எது, குளிருக்கு என்ன வாங்கணும் என்று கேட்டிருக்கிறீர்கள். குளிருக்குக் கோட்டு எங்கேயும் கிடைக்கும், அதை விடுங்கள். முதல் கேள்விக்குத்தான் எழுதுகிறேன். நான் புதுச்சேரியிலிருந்து வந்து இறங்கியபோது எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை.

ஆளைப் பார்த்ததும் கடன் கொடுக்கலாமா, கூடாதா என்று தோன்றுமே, அது இங்கேயும் சரியாகத்தான் வரும், நம்புங்கள். காகித விஷயத்தில் மட்டும் நம்பாதீர்கள். 11 மாத அக்ரிமென்டில் பழகிய நமக்கு, இங்கே கடை வாடகை ஒப்பந்தம் பொதுவாக 9 வருஷம், 3 வருஷத்துக்கு ஒருமுறைதான் விலகலாம், அதுவும் ஆறு மாதம் முன்னாலேயே முறைப்படி தெரிவிக்க வேண்டும் என்பதை எந்த மனசு சொல்லும்? மைக்ரோ ஆந்த்ரப்ரீஸ், அதாவது தனி ஆள் சின்னதாகத் தொழில் பதிவு செய்யும் முறை, சுலபம் என்பார்கள். பதிவது சுலபம்தான், ஆனால் அதில் உர்சாஃபுக்கு, அதாவது சமூகப் பாதுகாப்புச் சந்தா வசூலிக்கும் அமைப்புக்கு, கட்டுவது லாபத்துக்கு இல்லை, மொத்த விற்பனைக்கு. மளிகை மாதிரி கையில் லாபம் அதிகம் நிற்காத தொழிலில் நஷ்டப்பட்டாலும் கட்டியாக வேண்டும். மாணவர் விசா என்றால் வருஷத்துக்கு 964 மணி நேரம் சம்பள வேலைதான், சொந்தத் தொழில் பொதுவாகக் கிடையாது. உடனே ஒருவர் "என் பேரில் இருக்கட்டும், நீ நடத்து" என்று வருவார். மனசு உறுத்தினால் அந்த நிமிஷமே எழுந்துவிடுங்கள்.

என்னிடமும் வந்தார், நம் பக்கத்து ஆள்தான். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பக்கம் ஒரு கடையைக் காட்டி, பாதிப் பங்கு, ரொக்கமாகக் கொடு, ஊர்க்காரனுக்குள் எழுத்து எதற்கு என்றார். கல்லாவுக்குக் கீழே உர்சாஃப் கடிதங்கள் பிரிக்காமலே கட்டுக்கட்டாகக் கிடந்தன. டீயைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். அப்புறம் அந்தக் கடையை எடுத்தவர் வருஷக்கணக்கில் அலைந்தார்.

அந்தத் தெருக்களை நிமிர்த்தியவர்கள் ஈழத்துக்காரர்கள். எண்பதுகளில் போருக்குத் தப்பி வெறுங்கையோடு வந்து, கடை கடையாக எழுப்பினார்கள். நம் புதுச்சேரி ஆட்களில் சிலர் பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு சொகுசாக வந்து, தாத்தா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர் என்று பெருமை பேசிக்கொண்டு, இன்னமும் ஒரு கடிதம் படிக்கப் பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள். அது எனக்கு ஆறவே ஆறாது. உணவகத்தில் பாத்திரம் கழுவிய காலத்திலேயே நான் நகராட்சியின் மொழி வகுப்புக்குப் போனேன். இன்று ஒப்பந்தத்தை வரி வரியாக நானே படித்து, கணக்கரோடு நானே வாதாடுகிறேன். மளிகையை விற்று, பார்சல் தொழில் பார்த்து, இப்போது சமையல் ஆர்டர் எடுக்கிறேன்.

மனசை எங்கே நம்பணும், எங்கே சரிபார்க்கணும் என்பது என் அத்தையிடம் பார்த்ததுதான். அவர் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றவர். எல்லாரும் கத்தி விலையேற்றும்போது ஒரு கூடையை மட்டும் சட்டென்று விட்டுவிடுவார். எப்படித் தெரியும் என்றால் "தெரியும்டா, நீ தூக்கு" என்பார். ஆனால் வாங்கும் கூடையில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒருநாளும் காசு கொடுத்ததில்லை. வெயிலேறுவதற்குள் மார்க்கெட் சேரணும் என்று என்னை ஓட ஓட விரட்டுவார்.

சரி, ஏரியா கேட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்து மயங்காதீர்கள், மழை பெய்யும் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போய் நின்று பாருங்கள். ஒப்பந்தம் கைக்கு வந்தால் கையெழுத்துப் போடும் முன் எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.