ஞாயிறு ஒரு நாளில் 30 மாணவர்களுக்குக் கொழும்பு

திருச்சியிலிருந்து 30 பேர், ஞாயிறு மட்டும் ஓய்வு, முதலில் புறக்கோட்டைச் சந்தைக்கா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், அன்று மொத்த விற்பனைக் கடைகள் பெரும்பாலும் பூட்டு.

காலையில் நேரே கறுவாத்தோட்டத்துத் தேசிய நூதனசாலைக்கு (அருங்காட்சியகம்) போங்கள். காலி நகரில் கிடைத்த 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம்! சீனம் புத்தரைப் போற்றும், தமிழ் தெய்வேந்திரமுனைக் கோயில் தெய்வமான தேனவரை நாயனாரை, பாரசீகம் அல்லாஹ்வை. எழுத்து தேய்ந்திருக்கும், பக்கவாட்டில் நின்று பாருங்கள். மாணவர்களுக்கு இந்த ஒரு கல்லே போதும் என்பேன்.

அடுத்து கங்காராமை பௌத்தக் கோயில். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுத்தால் வம்பு, முன்பே சொல்லிவையுங்கள். வெறுங்கால் என்பதால் உச்சி வெயிலில் தரை சுடும்.

ஆட்டோவில் மூன்று பேர்தான். உங்களுக்குப் பத்து வேண்டும். பேசாமல் வேன்கள் பிடியுங்கள்.

கடைசியாகக் கடற்கரைத் திடலான காலிமுகத்திடல். அங்கே நிழலே கிடையாது. ஐந்து மணிக்குப் பிறகு போய் இறால் வடை சாப்பிடுங்கள்.