பெர்சிவல் கேட்காத கேள்வி (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

ஆர்தர் மன்னர் கதைகளை ஆங்கிலச் சுருக்கப் பதிப்பொன்றில் வாசித்து வருகிறேன். கிரெயில் என்ற புனிதப் பொருளைத் தேடும் பகுதிக்கு வந்ததும் குழம்பிவிட்டேன். பெர்சிவல் என்ற இளம் வீரன் ஒரு கோட்டைக்குப் போகிறான். ரத்தம் சொட்டும் ஈட்டியையும் ஒளிவிடும் கிரெயிலையும் கண்ணெதிரே பார்க்கிறான், ஆனால் அவை என்னவென்று கேட்கவில்லை. அவன் செய்த தப்பு அவ்வளவுதான். அதற்கே ஆளாளுக்கு அவனைச் சபிக்கிறார்கள். விருந்துக்குப் போன வீட்டில் வாயை மூடிக்கொண்டிருப்பது மரியாதைதானே? அடுத்த அத்தியாயத்தில் கலஹாட் என்ற இன்னொருவன் வந்து கிரெயிலை அடைந்துவிடுகிறான். கிரெயில் ஓரிடத்தில் தட்டு, ஓரிடத்தில் கிண்ணம். இணையத்தில் தேடினால் கல் என்கிறார்கள். அசல் கிண்ணம் ஸ்பெயினில் இருப்பதாகவும் படித்தேன். எதை நம்புவது, எதிலிருந்து வாசிப்பது?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

உங்கள் பதிப்பு வெவ்வேறு நூல்களை வெட்டி ஒரே கதையாகத் தைத்திருக்கிறது. குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

1180-களில் கிரெத்தியான் த த்ருவா என்ற பிரெஞ்சுக் கவிஞர், ஃபிளாண்டர்ஸ் பிரபு பிலிப்புக்காகப் பெர்சிவல் கதையைச் செய்யுளில் தொடங்கினார். ஏறத்தாழ 9,200 வரிகளில் அது பாதியில் நின்றுவிட்டது. அதில் கிரெயில் என்பது மணிகள் பதித்த ஒரு பொற்தட்டு, விருந்தில் பரிமாறும் அகலமான பாத்திரம். 1200-ஐ ஒட்டி ராபர் த போரோன் என்பவர் அதை இயேசுவின் கடைசி இராவுணவில் இருந்த பாத்திரமாக்கினார். சிலுவையில் வழிந்த ரத்தத்தை அரிமத்தியா யோசேப்பு ஏந்தியதும் அதிலேதான் என்றார். அதே காலத்தில் ஜெர்மன் கவிஞர் வோல்ஃப்ராம் ஃபொன் எஷன்பாக், ஏறக்குறைய 25,000 வரிகளில் பெர்சிவல் கதையை முழுமையாகச் சொன்னார். அவரிடம் அது கல். கலஹாட் வருவது 1225-ஐ ஒட்டி எழுதப்பட்ட பிரெஞ்சு உரைநடை நூலில். எழுதியவர் பெயர் தெரியாத அந்த நூலில்தான் ஆர்தரின் வட்டமேசை வீரர்கள் எல்லோரும் கிளம்புகிற பெருந்தேடல் இருக்கிறது.

இனி உங்கள் மரியாதைக் கேள்வி. பெர்சிவலும் நீங்கள் சொல்வதைத்தான் நினைத்தான். போர்க்கலை கற்றுக்கொடுத்த கோர்னெமான், அதிகம் பேசாதே, பேசினால் பட்டிக்காட்டான் என்பார்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்தப் பாடத்தை அவன் அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிறான். அது ஏன் தப்பாகிறது என்று புரிய கிரெத்தியான் எழுதியபடியே அந்த இரவைப் பார்க்க வேண்டும்.

பெர்சிவல் ஓர் ஆற்றங்கரைக்கு வருகிறான். கடக்கப் பாலமில்லை. படகில் இருவர். ஒருவர் தூண்டிலில் சின்ன மீனை இரையாகக் கோத்து மீன்பிடித்துக்கொண்டிருக்கிறார். இன்றிரவு என் வீட்டில் தங்கிக்கொள் என்று வழி சொல்கிறார். கோட்டைக் கூடத்துக்குள் போனால் அதே மனிதர் கட்டிலில் சாய்ந்திருக்கிறார். உன்னை எழுந்து வரவேற்க என்னால் முடியவில்லை, மனதில் வைத்துக்கொள்ளாதே என்கிறார். அதற்குப் பெர்சிவலின் பதில்: அந்தப் பேச்சை விடுங்கள், எனக்கொன்றும் வருத்தமில்லை. சுருக்கப் பதிப்புகள் முதலில் கத்தரிக்கிற இடம் இதுதான். ஊர்வலம் இன்னும் தொடங்கவில்லை. ஒரு மனிதர் தன் உடம்பால் எழ முடியவில்லை என்று தானே சொல்கிறார், வந்தவன் அதைத் தனக்கு மரியாதை குறைந்ததா இல்லையா என்ற கணக்கில் எடுத்துக்கொண்டு பெருந்தன்மையாக மன்னிக்கிறான். ஏன் முடியவில்லை என்று கேட்கவில்லை.

பிறகு ஊர்வலம். முதலில் வெள்ளை ஈட்டியோடு ஒரு பையன். ஈட்டி முனையில் ஒரு துளி ரத்தம் அரும்பி அவன் கை வரைக்கும் வழிகிறது. பின்னால் பொன் விளக்குத் தண்டுகளோடு இருவர், ஒவ்வொன்றிலும் குறைந்தது 10 மெழுகுவர்த்திகள். அடுத்து இரு கைகளிலும் கிரெயிலை ஏந்திய பெண். அதன் ஒளியில் மெழுகுவர்த்திகள் எல்லாம் மங்கிவிடுகின்றன. கடைசியாக, இறைச்சி வெட்டும் வெள்ளித் தட்டோடு இன்னொரு பெண். எல்லோரும் கட்டிலைக் கடந்து உள்ளறைக்குப் போகிறார்கள். பெர்சிவல் கேட்க நினைக்கிறான், கோர்னெமான் சொன்னது நினைவுக்கு வருகிறது, அடக்கிக்கொள்கிறான். தந்த மேசையில் உணவு வருகிறது: மிளகு சேர்த்த மான் தொடைக்கறி, கடைசியில் பேரீச்சை, அத்தி, சாதிக்காய், கிராம்பு, அலெக்ஸாந்திரியா இஞ்சி. (அன்றைய ஐரோப்பாவின் மிளகு மலபார்க் கரையிலிருந்து போனது. இந்தக் கதையின் முதல் விருந்திலேயே நம் பக்கத்துச் சரக்கு இருக்கிறது.) ஒவ்வொரு பதார்த்தம் வரும்போதும் கிரெயில் அவன் முன்னால் மறுபடி கடந்துபோகிறது. ஆக அவனுக்கு வாய்ப்பு வந்தது ஒருமுறை மட்டுமல்ல. நாளைக் காலையில் வேலைக்காரப் பையன் யாரையாவது கேட்டுக்கொள்ளலாம் என்று முடிவுசெய்து சாப்பாட்டில் இறங்குகிறான். விடிந்தால் கோட்டையில் ஆளே இல்லை. குதிரைக்குச் சேணம் பூட்டியிருக்கிறது. அவன் பாலத்தை முழுதாகக் கடப்பதற்குள் பாலம் மேலே தூக்கப்படுகிறது.

இதை நாவடக்கம் என்று ஏன் சொல்ல முடியாது? இரண்டு முன்காட்சிகள் இருக்கின்றன. கதைத் தொடக்கத்தில், காட்டில் வளர்ந்த பெர்சிவல் முதன்முதலாகக் கவசமணிந்த வீரர்களைப் பார்க்கிறான். தேவதூதர்கள் என்றே நினைக்கிறான். அப்போது அவன் கேட்கும் கேள்விகளுக்கு முடிவே இல்லை. இது என்ன? ஈட்டி. இது? கேடயம். இது? கவசம். அவர்கள் அவனிடம் கேட்பதற்கு மட்டும் பதிலே வராது. கேட்கத் தெரியாத பையன் அல்ல அவன். தனக்கு வேண்டியதைக் கேட்கத் தெரிந்தவன்.

இரண்டாவது, தாய். கணவனையும் மூத்த மகன்களையும் இந்த வீரத்தொழிலுக்குப் பறிகொடுத்தவள் அவள். பெர்சிவல் கிளம்பும்போது பாலத்தின் முனையில் மயங்கி விழுகிறாள். கல்லெறி தூரம் போனவன் திரும்பிப் பார்க்கிறான், இறந்தவள்போல் கிடப்பதைக் காண்கிறான், குதிரையைச் சாட்டையால் அடித்து விரட்டிக்கொண்டு போகிறான். அவள் உண்மையில் இறந்துவிட்டாள். பின்னால் வரும் துறவி இந்த முடிச்சைத்தான் அவிழ்க்கிறார்: தாய் விஷயத்தில் செய்த பாவம்தான் கோட்டையில் உன் நாக்கை வெட்டியது என்கிறார். இதை மேலிருந்து விழும் மாயத் தண்டனையாக எடுத்துக்கொள்வதைவிட, ஒரே ஆள் ஒரே தவறை இரண்டு முறை செய்கிறான் என்று பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. விழுந்து கிடக்கும் உடம்பைப் பார்க்கிறான், கடந்துபோகிறான்.

அந்தத் துறவியைச் சந்திக்கும் வரை ஐந்து ஆண்டுகள். அதற்குள் பெர்சிவல் 60 வீரர்களை வென்று ஆர்தர் அவைக்குக் கைதிகளாக அனுப்புகிறான். ஒருமுறையும் தேவாலயத்துக்குள் நுழையவில்லை. ஒரு நாள் வெறுங்காலோடு நடந்துவரும் யாத்திரிகர்கள் அவனை நிறுத்தி, இன்று ஆயுதம் தரிக்கலாமா என்று கேட்கிறார்கள். அன்று பெரிய வெள்ளி என்பதே அவனுக்குத் தெரியாது. துறவியிடம் போய் அழுது பாவசங்கீர்த்தனம் செய்கிறான். அங்கேதான் உள்ளறையில் இருப்பவர் யாரென்று தெரிகிறது: மீன்பிடித்தவரின் வயதான தந்தை. கிரெயிலில் அவருக்குப் போவது ஒரே ஒரு நற்கருணை அப்பம், அதிலேயே உயிர் வாழ்கிறார். அவர் பெர்சிவலின் தாயோடு பிறந்தவர். துறவியும் அப்படியே. அவன் வாய்திறக்காமல் உட்கார்ந்திருந்தது தாய்மாமன் வீட்டில். இதற்கு மேல் ஒரு தமிழ் வாசகருக்கு உறவின் கனத்தை விளக்க வேண்டாம். தவத்துக்குத் துறவி விதிப்பதும் சாதாரணமானவைதான்: நாள்தோறும் கோவிலுக்குப் போ, குருவானவர் வந்தால் எழுந்து நில், விதவைக்கும் அநாதைக்கும் உதவு, இரண்டு நாள் என்னோடு இருந்து என் சாப்பாட்டைச் சாப்பிடு. சாப்பாடு கீரை, பார்லி ரொட்டி, ஊற்றுநீர். ஈஸ்டரன்று நற்கருணை வாங்குகிறான். அதற்குப் பிறகு கதை கவேய்ன் என்ற இன்னொரு வீரன் பக்கம் போய்விடுகிறது, பெர்சிவலுக்குத் திரும்புவதற்குள் நூல் நின்றுபோகிறது. கோட்டைக்கு அவன் மறுபடி போவதே இல்லை.

போகவைத்தவர் வோல்ஃப்ராம். அவர் நூலில் மீன்பிடிக்கும் மனிதர் ஒரு நோயாளி மன்னர், பெர்சிவலின் தாய்மாமனும் அவரே. பெயர் அன்ஃபோர்டாஸ். விஷ ஈட்டி அவருடைய ஆண்குறிப் பகுதியில் பாய்ந்திருக்கிறது. பாம்பு விஷ முறிவு, சொர்க்கத்தின் நான்கு ஆறுகளின் நீர், பெலிக்கன் பறவையின் ரத்தம், ஒற்றைக்கொம்பு விலங்கின் இதயம் என்று ஒவ்வொன்றாக வைத்தியம் பார்த்து எல்லாம் தோற்கிறது. சனிக் கிரகத்தின் நிலை மாறும்போது புண்ணில் குளிர் ஏறி வலி தாங்க முடியாமல் போகும். அப்போது அந்த விஷ ஈட்டியையே புண்ணுக்குள் வைப்பார்கள். குளிர் அதில் கண்ணாடிபோல் உறையும், வெள்ளிக் கத்திகளால் சுரண்டி எடுப்பார்கள். இதில் இன்னொரு கொடுமை உண்டு. கிரெயில் கல்லைப் பார்த்தவர் அதற்கடுத்த ஒரு வாரத்துக்குச் சாக மாட்டார். அதனால் பாசமுள்ள குடும்பத்தார் கல்லைக் காட்டிக்காட்டி மன்னரைச் சாகவிடாமல் வைத்திருக்கிறார்கள். மருந்து, அன்பு, அற்புதக் கல் எல்லாம் அந்த வீட்டில் இருக்கின்றன. வலி மட்டும் போகவில்லை. கடைசியில் பெர்சிவல் திரும்பி வந்து, மாமா, உங்களுக்கு என்ன செய்கிறது என்று கேட்டதும் எழுந்துவிடுகிறார்.

இங்கே வோல்ஃப்ராம் தன் விதியைத் தானே மீறுகிறார். முதல் இரவிலேயே, யாரும் சொல்லிக்கொடுக்காமல் கேட்டால்தான் பலிக்கும் என்று கல்லில் எழுத்து தோன்றியிருந்தது. பெர்சிவல் கேட்பது இரண்டாவது வருகையில், என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்த பிறகு. இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது நூலின் ஆகச் சிறந்த இடம். மாமன்களில் துறவியானவரே இப்படியொரு அற்புதம் நடந்ததில்லை என்று வியக்கிறார்.

அதே நூலில் பெர்சிவலுக்கு ஃபெய்ரெஃபிஸ் என்று ஓர் அண்ணன், மாற்றாந்தாய்க்குப் பிறந்தவன். தாய் கறுப்பின அரசி, அவன் உடம்பு கறுப்பும் வெள்ளையும் திட்டுத்திட்டாக இருக்கும். ஞானஸ்நானம் பெறும்வரை அவன் கண்ணுக்குக் கிரெயில் தெரியாது. பெற்ற பிறகு கிரெயிலை ஏந்தும் பெண்ணையே மணந்து இந்தியாவுக்குப் போகிறான். இந்தியா என்றால் எங்கே என்று கவிஞருக்குத் தெளிவான எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை.

கலஹாட் விஷயத்தில் நான் பாரபட்சமானவன். 1215-ல் கூடிய திருச்சபையின் லாத்தரன் சங்கத்தில் நற்கருணைக் கோட்பாடு வரையறுக்கப்பட்ட காலத்தை ஒட்டிய நூல் அது. சிஸ்டெர்சியத் துறவிகளின் வாடை பலமாக அடிக்கும். ஒரு சாகசம் நடக்கும், உடனே வெள்ளை அங்கித் துறவி ஒருவர் வந்து அதற்கு உரை சொல்வார். பெந்தெகொஸ்தே நாளையொட்டி 150 வீரர்கள் சத்தியம் செய்து கிளம்புகிறார்கள். நிபந்தனைகள்: பெண் துணை கூடாது, பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். அடைபவர்கள் கலஹாட், பெர்சிவல், போர்ஸ் மூவர். கலஹாட் தோற்கவே முடியாதவன், அதனால் அவனைப் படிக்க அலுப்பாக இருக்கிறது. முதலில் சத்தியம் செய்த கவேய்ன், துறவி சொல்லும் தவத்தை என்னால் தாங்க முடியாது என்று தட்டிக்கழிக்கிறான், வழியில் தன் தோழர்களையே கொல்கிறான். இன்னொரு வட்டமேசை வீரனான லான்ஸ்லட்தான் மனதில் நிற்பவன். கிரெயில் இருக்கும் கோர்பெனிக் கோட்டையில் உள்ளறை வாசலில் நின்று திருப்பலியைப் பார்க்கிறான். நுழையாதே என்று குரல் தடுத்திருக்கிறது. குருவானவர் தாம் உயர்த்திப் பிடித்த உருவத்தின் கனத்தில் தள்ளாடுவதைக் கண்டதும் தாங்கிப்பிடிக்க உள்ளே ஓடுகிறான். நெருப்புக் காற்று முகத்தில் அடித்து 24 நாள் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறான், பாவத்தில் வாழ்ந்த 24 ஆண்டுகளுக்கு ஈடாக. இங்கே உதவப் போனவனுக்கு அடி, கிரெத்தியானிடம் உதவாதவனுக்கு அடி. இரண்டு நூல்களுக்கும் நடுவே கிரெயில் திருச்சபையின் பண்டமாக மாறிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

ஸ்பெயின் கிண்ணம் வலென்சியா பேராலயத்தில் 1437 முதல் இருக்கிறது. மேலே உள்ள அகேட் கல் கிண்ணம் பழையது. 1960-ல் ஆராய்ந்த தொல்லியலாளர் அந்தோனியோ பெல்த்ரான், கிறிஸ்துவின் காலத்தை ஒட்டிய கீழைத்தேய வேலைப்பாடு என்றார். பொற்கைப்பிடிகளும் தண்டும் பிற்காலச் சேர்க்கை. 1982-லும் 2006-லும் போப்பாண்டவர்கள் அதில் திருப்பலி நிறைவேற்றினார்கள். ஆனாலும் வயது பொருந்துவது வேறு, அதே கிண்ணம் என்பது வேறு. ஜெனோவாவிலும் ஒன்று உண்டு: 1101-ல் செசரியாவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் பச்சை அறுகோணப் பாத்திரம். நெடுங்காலம் மரகதம் என்று நம்பினார்கள். நெப்போலியன் ஆட்கள் பாரிசுக்குக் கொண்டுபோனார்கள், 1816-ல் திரும்பி வந்தபோது உடைந்திருந்தது. கண்ணாடி.

வாசிக்கும் வரிசை: கிரெத்தியானின் உரைநடை மொழிபெயர்ப்பு ஒன்றை எடுங்கள், இரண்டு மாலைகளில் முடியும். பிறர் எழுதிய நான்கு தொடர்ச்சிகளை இப்போதைக்கு விட்டுவிடலாம். கவேய்ன் பகுதி இழுக்கும். அதற்காகப் பாதியில் மூடிவிடாதீர்கள், பெரிய வெள்ளிக் காட்சி அதன் நடுவே சுமார் 300 வரியில் ஒளிந்திருக்கிறது. வோல்ஃப்ராமின் 16 பகுதிகளில் 5, 9, 15, 16 மட்டும் முதலில் போதும். கலஹாட் நூலில் லான்ஸ்லட் வரும் இடங்களைப் பாருங்கள். 1485-ல் அச்சான மலோரியின் ஆங்கில நூல் அந்தப் பகுதியைப் பிரசங்கங்களைக் குறைத்துச் சொல்கிறது. உங்கள் சுருக்கப் பதிப்பின் கலஹாட் அங்கிருந்து வந்திருக்கலாம். அதில் படகுக்காரர் எழ முடியவில்லை என்று சொல்லும் வரி இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பதிப்பை வைத்துவிடுங்கள்.

அன்புடன்.