ஓடில்லாக் கடல் நத்தைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்குப் படம் உண்டு, இடம் இல்லை. மீதிக்கு இடம் உண்டு, தேதி இல்லை. பதில் சொல்ல வழியுள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கறுப்பாக, தொட்டால் வழுவழுப்பாக இருக்கிறது. டென்ட்ரோடோரிஸ் வகையில் இது நிக்ராவா, ஃபுமாட்டாவா? ராடுலாவை, அதாவது பல் வரிசை உள்ள நாக்கைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று அறுத்தேன், கிடைக்கவே இல்லை. கத்தி சரியில்லையோ?

கத்தியைக் குறை சொல்லாதீர்கள். டென்ட்ரோடோரிஸுக்கு ராடுலாவே கிடையாது. கடற்பஞ்சை உறிஞ்சித் தின்னும் பிராணி அது. அறுப்பதற்கு முன் ஒரு பக்கம் படித்திருந்தால் ஒரு உயிர் மிஞ்சியிருக்கும். நிறத்தையும் நம்ப வேண்டாம், இரண்டுமே பல நிறங்களில் வரும். செவுளைப் பாருங்கள். நிக்ராவுக்குச் சிறியவை, எண்ணிக்கை அதிகம். ஃபுமாட்டாவுக்குப் பெரியவை, ஐந்தாறுதான். விரித்தால் மேன்டில் எனும் முதுகுத் தோலின் விளிம்பை எட்டிவிடும். உயிரோடு இருக்கும்போதுதான் செவுள் விரியும்.

கேள்வி: பாக் நீரிணையில் பிடித்த இந்தக் கடல் அட்டை எந்த இனம்?

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது ஓடில்லா நத்தை. கடல் அட்டை என்பது நட்சத்திர மீனின் உறவு. அதை 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். பையில் வைத்துக்கொண்டு அந்தப் பெயரைச் சொன்னால் வழக்கு வரும். பெயரைப் பார்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: ஃபில்லிடியா வாரிகோசாவையும் கோலெஸ்டிஸையும் பிரிப்பது எப்படி?

திருப்பிப் போடுங்கள். பாதத்தின் அடியில் நீளவாக்கில் கறுப்புக் கோடு இருந்தால் வாரிகோசா. கோலெஸ்டிஸுக்கு அது இல்லை. வேறு பிராணிகள் இருக்கும் வாளியில் மட்டும் இதைப் போட்டுவிடாதீர்கள். இதன் சளியின் நஞ்சில் மற்றவை செத்து மிதக்கும்.

கேள்வி: ஃபார்மலினில் ஆறு மாதிரிகள் அனுப்பியுள்ளேன். இனப்பெருக்க உறுப்புகளை அறுத்துப் பார்த்து இனம் சொல்லவும்.

பார்சல் வந்தது. ஒரே புட்டியில் ஆறும் கிடந்தன, எது எந்த இடத்தில் எடுத்தது என்று ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை. நிறம் போய், சுருண்டு, கல்லாக இருந்தன. வடுமாங்காய்கூட இதைவிட உருவத்தோடு இருக்கும். ஒன்றை அறுத்தேன், இனப்பெருக்க உறுப்புகளான ஆம்புல்லா, புரோஸ்டேட், விந்துப்பை எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தன. பிரிக்கப் போனால் குழாய் அறுந்தது. மாணவனாக இருந்தபோது நானும் இப்படித்தான் கெடுத்திருக்கிறேன், அதனால்தான் கோபம் கொஞ்சம் கூடுதலாக வருகிறது.

உயிரோடு ஃபார்மலினில் போட்டால் எந்த நத்தையும் சுருங்கத்தான் செய்யும். முதலில் மயக்குங்கள்: நன்னீரில் ஏறக்குறைய 7 சதவீத மெக்னீசியம் குளோரைடு கரைத்து, கடல்நீரோடு சிறிது சிறிதாகச் சேருங்கள். அரை மணி, ஒரு மணி நேரம் பொறுங்கள். ஊசியால் தொட்டாலும் அசையாத நிலைக்கு வர வேண்டும். அதற்கு முன்பே முதுகு, அடிப்பாதம், பக்கவாட்டு என்று மூன்று படங்கள் எடுத்திருக்க வேண்டும். பாத ஓரத்தில் ஒரு துளி வெட்டி 95 சதவீத எத்தனாலில் போடுங்கள், அது டி.என்.ஏவுக்கு. உடலைக் கடல்நீரில் கலந்த ஃபார்மலினில் சில நாள் வைத்து, பிறகு 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றுங்கள். ஃபார்மலினை நீண்ட காலம் விட்டால் அமிலமாகும். தோலில் உள்ள சுண்ணாம்பு முட்களும் உடலுக்குள் இருக்கும் ஓடும் கரைந்துவிடும். சீட்டைப் பென்சிலால் எழுதிப் புட்டிக்கு உள்ளே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் ஓடிவிடும். எத்தனை முறை எழுதிவிட்டேன்!

பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் இந்தியாவின் கிழக்குக் கரையில் சேகரித்த நத்தைகளை, ஆல்டர், ஹான்காக் என்ற இரு பிரிட்டிஷ் விலங்கியலாளர்கள் 1864இல் விவரித்தார்கள். ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்து, 1906இல், சார்லஸ் எலியட் என்ற இன்னொரு ஆய்வாளர் இங்கிலாந்தின் நியூகாசில் அருங்காட்சியகத்தில் இருந்த அதே சேகரிப்பை எடுத்துப் பரிசோதித்து எழுதினார். உங்கள் புட்டி நாலு ஆண்டு தாங்காது.

கேள்வி: எலிசியா என்ற ஓடில்லா நத்தை ஒன்றில் பத்துப் பல், இன்னொன்றில் பதினைந்து. இரண்டு இனமா?

இல்லை. வளர வளர எண்ணிக்கை கூடும். தேய்ந்த பற்களையும் அஸ்கஸ் என்ற பையில் சேர்த்து வைத்துக்கொள்ளும் பிராணி இது, அவற்றையும் எண்ணினீர்களா? பல்லின் வடிவத்தையும் விளிம்பில் ரம்பம் உண்டா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: டி.என்.ஏ வந்த பிறகும் எதற்கு அறுவை?

1858, 1859இல் திருகோணமலை நத்தைகளுக்கு இலங்கை இயற்கையியலாளர் கெலார்ட் பெயர் வைத்தபோது டி.என்.ஏ ஏது? ஜோருன்னா ஃபுனெப்ரிஸ் அவர் வைத்த இனப்பெயர்தான். அந்தக் காலத்துப் பெயர்களை இன்றைய பிராணியோடு பொருத்த உடலமைப்பு வேண்டும். அறுவையே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. ஹெர்மிசெண்டா கிராசிகார்னிஸ் என்ற ஓடில்லா நத்தையை 2016இல் மூன்றாகப் பிரித்தார்கள். அதற்குத் தொடக்கம் டி.என்.ஏதான். பிறகு பார்த்தால், முதுகுக் குழல்களில் வெள்ளைக் கோடு இருப்பது கிராசிகார்னிஸ், இல்லாதது ஒபலெசென்ஸ் என்று வெளியிலேயே அடையாளம் இருந்தது. நான் அடிக்கடி திட்டும் நிறம் அங்கே என்னைத் தோற்கடித்துவிட்டது.

கேள்வி: படத்தில் இருப்பது எந்தக் கடல் முயல்? ஊதா மை விட்டது.

அப்லிசியா, டோலபெல்லா, பர்சடெல்லா என்ற மூன்று வகைக் கடல் முயல்களுமே ஊதா மை விடும். முதுகை மெதுவாக அழுத்துங்கள். கெட்டியான ஓடு தட்டுப்பட்டால் டோலபெல்லா, நகம்போல் மெல்லியதாக வளைந்தால் அப்லிசியா. வளர்ந்த பர்சடெல்லாவுக்கு ஓடே இல்லை. டோலபெல்லாவின் பின்பக்கம் சாய்வாகச் சீவிய தட்டுபோல் இருக்கும். உங்கள் படத்தில் அந்தப் பக்கம்தான் வெட்டுப்பட்டிருக்கிறது.